முதிய நாயின் காலை நீக்க நேரிடின்

மலைநாட்டிலே நாய் வளர்ப்பது பொழுதுபோக்குக்காக அன்று. கந்தப்பளை, இராகலைப் பகுதிகளில் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு பயிரிடுவோர்க்கும், வலப்பனை, கொத்மலைப் பள்ளத்தாக்குகளில் நெல் விளைவிப்போர்க்கும், ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களில் லயத்தை ஒட்டிய துண்டு நிலத்திற் கோவாவும் பீற்றூட்டும் செய்வோர்க்கும், காட்டுப்பன்றியையும் முள்ளம்பன்றியையும் தடுக்கும் முதற் காவல் நாயே ஆகும். எட்டுப் பத்து ஆண்டுகள் இவ்வாறு காவல் புரிந்த நாயின் கால் கெட்டுப்போய், அதனை நீக்கிவிட வேண்டும் என்று மிருக வைத்தியர் கூறும்போது வீட்டார் திகைப்பது இயல்பு. கிழ நாய்க்கு இவ்வளவு பெரிய சத்திரசிகிச்சை தாங்குமா? தாங்கினாலும் மூன்று கால்களுடன் இந்த மேட்டிலும் பள்ளத்திலும் அது எவ்வாறு வாழும்? பணத்தைச் செலவிட்டு வேதனையை நீட்டுகின்றோமோ? இக்கேள்விகளுக்கு விடை காண உதவுவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

கால் கெடுவதற்கான காரணங்கள்

எங்கள் பகுதியில் முதலிற் கூறவேண்டியது கம்பிக் கண்ணி. பன்றிக்கென்று நிலத்தின் ஓரத்திலும் காட்டு வழியிலும் வைக்கப்படும் சுருக்கில் நாய்கள் அகப்படுகின்றன. கண்ணி வைத்தவரின் நாயே அகப்படுவதும் உண்டு. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் இத்தகைய கண்ணியொன்றில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கி, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டும் சில நாட்களில் இறந்ததைப் பலரும் அறிவர். காலில் இறுகிய கம்பி தோலை அறுப்பதோடு நிற்பதில்லை. குருதியோட்டத்தை அது அடைத்துவிடுவதால் கம்பிக்குக் கீழுள்ள தசையும் நரம்பும் சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்குகின்றன.

கண்ணியிலிருந்து மீட்கப்பட்ட நாயின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். மற்றைய பாதங்களைப்போல் அது வெதுவெதுப்பாக இருப்பின் நம்பிக்கையுண்டு. குளிர்ந்து, விரலைக் கிள்ளினாலும் உணர்வின்றி, நாளுக்கு நாள் கறுத்து, நாற்றம் வீசுமாயின் அப்பகுதி இறந்துவிட்டது. உயிருள்ள இழையத்துக்கும் இறந்த இழையத்துக்கும் இடையிலான எல்லை தெளிவாகச் சில நாட்கள் ஆகலாம். ஆதலால் வைத்தியர் உடனே வெட்டாது காயத்தைச் சுத்தஞ் செய்து, கட்டி, காத்திருக்கச் சொல்லின் அதனை அலட்சியமெனக் கருதலாகாது. ஆனால் நாய்க்குக் காய்ச்சல் கண்டு, உணவை மறுத்துச் சோர்ந்து கிடக்குமாயின் நஞ்சு உடலிற் பரவுகின்றது என்பது பொருள்; அப்போது காத்திருத்தல் ஆபத்தாகும்.

இரண்டாவது காரணம் வாகன விபத்து. என்பு நொறுங்குதல், அல்லது தோளிலிருந்து முன்காலுக்குச் செல்லும் நரம்புக் கற்றை அறுந்து கால் துணிபோல் இழுபடுதல் இவற்றால் நேரும். இழுபடும் காலின் மேற்பாதம் கற்பாதையில் உரைந்து ஆறாப் புண்ணாகும்.

மூன்றாவது, முதிய நாய்களிற் பெரிதும் கவனிக்க வேண்டியது, என்புப் புற்றுநோய். இது பெருஞ்சாதி நாய்களிலேயே அதிகம். முன்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலும் தோளருகிலும், பின்காலில் முழங்காலை ஒட்டியும் பெரும்பாலும் தோன்றும். தொடக்கத்தில் வெறும் நொண்டலாகத் தெரியும். சுளுக்கென்று எண்ணி எண்ணெய் பூசி உருவுவர். புற்றினால் அரிக்கப்பட்ட என்பு அவ்வாறு உருவும்போதோ, நாய் ஒரு படியிலிருந்து குதிக்கும்போதோ முறிந்துவிடக்கூடும். இரண்டு வாரத்தில் நீங்காத நொண்டலுக்கு, அதிலும் கடினமான வீக்கம் சேர்ந்திருப்பின், எக்ஸ் கதிர்ப்படம் எடுப்பதே முறை.

எவ்வளவு உயரத்தில் வெட்டுவது?

"பாதம் மட்டுந்தானே கெட்டது, அதை மட்டும் எடுத்தாற் போதாதா?" என்று கமக்காரர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. ஆயினும் பாதிக் காலை விட்டு வைத்தால் நாய் அதனை ஊன்ற முயலும். தடித்த உள்ளங்காற் பஞ்சு இல்லாத அம்முனை கல்லிலும் மண்ணிலும் இடிபட்டுப் புண்ணாகி, ஈ மொய்த்து, புழு வைக்கும். இதனாலேயே முன்காலைத் தோட்பட்டை என்புடன் சேர்த்தும், பின்காலைத் தொடையின் மேற்பகுதியில் அல்லது இடுப்பு மூட்டில் வைத்தும் நீக்குவது வழக்கம். பார்ப்பதற்குப் பெரிய வெட்டாகத் தோன்றினும் பின்னர் தொல்லை குறைவு.

வயது ஒரு நோயன்று

பத்து வயதாகிவிட்டது என்பதை மட்டும் வைத்து மறுக்க வேண்டியதில்லை. நாயின் வயதைவிட மற்ற மூன்று கால்களின் நிலையே முக்கியமானது. நாய் நிற்கும்போது அதன் நிறையில் ஏறக்குறைய 60 வீதத்தை முன்கால்களும் 40 வீதத்தைப் பின்கால்களும் தாங்குகின்றன. ஆகவே முன்காலை இழந்த நாய்க்கு எஞ்சிய முன்காலின் மீது பெருஞ்சுமை விழும். இடுப்பு மூட்டுத் தேய்ந்த நாய்க்கும், முழங்காலின் இணையம் அறுந்த நாய்க்கும், முதுகெலும்பு நோயுள்ள நாய்க்கும் நல்ல பின்காலொன்றை எடுத்துவிட்டால் எழுந்து நிற்பதே கடினமாகும். வைத்தியர் நோயுற்ற காலை விட்டு மற்றக் கால்களை அதிக நேரம் அழுத்தியும் மடக்கியும் பார்ப்பது இதற்காகவே.

அடுத்தது உடல் நிறை. அமெரிக்காவில் காலிழந்த 64 நாய்களின் உரிமையாளரை விசாரித்து 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், 58 பேர் நாயின் சுபாவம் மாறவில்லை என்றனர். 55 பேர் மீண்டும் அதே முடிவையே எடுப்போம் என்றனர். நிறை கூடியும் கொழுத்தும் இருந்த நாய்களின் நிலை மட்டும் ஒப்பளவிற் குறைவாகவே காணப்பட்டது. எங்கள் நாட்டு நாய்கள் பெரும்பாலும் மெலிந்த, இலேசான உடலுடையவை. இவ்விடயத்தில் அவை விலையுயர்ந்த பெருஞ்சாதி நாய்களிலும் பாக்கியம் பெற்றவை எனலாம்.

இன்னொரு குறிப்பையும் வீட்டிலேயே காணலாம். கெட்ட காலைத் தூக்கிக்கொண்டு பல நாட்களாக மூன்று காலில் நடமாடும் நாய், மூன்று காலில் நடக்க ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டது. அதற்குச் சத்திரசிகிச்சை ஒரு வேதனையை அகற்றுவதேயன்றிப் புதிய குறையைச் சேர்ப்பதன்று. காலை இழந்தேனே என்ற கவலை மனிதருக்குரியது. நாயிடம் அதனைக் காணோம்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் சோதிக்க வேண்டும். இலங்கையில் உண்ணியாற் பரவும் பபேசியா, எர்லிக்கியா ஆகிய நோய்கள் நாய்களிடையே பரவலாக உண்டு. இவற்றாற் குருதி குறைந்தும், குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்கள் குறைந்தும் இருக்கும் நாய்க்குச் சத்திரசிகிச்சையின்போது குருதிப் பெருக்கு நேரலாம். குருதிச் சோதனையை வீண் செலவென்று தவிர்த்தல் கூடாது.

புற்றுநோயாயின் கணக்கு வேறு

கண்ணியாலோ விபத்தாலோ கெட்ட காலை நீக்கினால் நோய் அத்துடன் தீரும். என்புப் புற்றில் அவ்வாறன்று. நோய் கண்டறியப்படும்போதே பத்து நாய்களில் ஏறக்குறைய ஒன்பதில் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரல் முதலிய இடங்களுக்குப் பரவியிருக்கும். மார்பின் எக்ஸ் கதிர்ப்படம் தெளிவாக இருந்தாலும் இந்நிலை மாறாது. கால் நீக்கத்தை மட்டும் செய்தால் நாய்கள் நடுத்தரமாக நான்கைந்து மாதங்கள் உயிர்வாழ்கின்றன. அதன்பின் புற்றுநோய் மருந்துகளும் ஏற்றப்படின் இது பத்து மாதம் முதல் ஓராண்டு வரை நீளும்.

அப்படியாயின் காலை ஏன் எடுக்க வேண்டும்? அரிக்கப்படும் என்பின் நோவு மிகக் கொடியது. மாத்திரைகளால் அது முற்றாக அடங்குவதில்லை. காலை நீக்கியவுடன் அந்நோவு நீங்குகின்றது. நான்கு மாதமேனும் நோவின்றி வெயிலிற் படுத்து, பிள்ளைகளுடன் திரிந்து வாழ்வது நாய்க்குப் பெரிது என்று ஒரு வீட்டார் எண்ணலாம். அதில் ஒரு மாதம் காயம் ஆறுவதிற் போய்விடுமே என்று மற்றொரு வீட்டார் எண்ணலாம். இரண்டும் நேர்மையான எண்ணங்களே. மார்புப் படத்திற் கட்டிகள் தென்பட்டால், அல்லது மற்றக் கால்கள் நலிந்திருந்தால், மிருக வைத்தியரைக் கொண்டு மயக்க ஊசியால் நாயை வேதனையின்றி உறங்கச் செய்துவிடுவது இரக்கமுள்ள செயலேயாகும். ஆனால் நொண்டும் நாயை ஒன்றுஞ் செய்யாது மூலையிற் கிடக்க விடுவதையும், பயிருக்கு அடிக்கும் நஞ்சைச் சோற்றிற் கலந்து வைப்பதையும் எவ்வகையாலும் ஏற்க முடியாது. அந்நஞ்சினால் வரும் சாவு மிகக் கொடூரமானது.

மேட்டு நிலத்தில் மூன்று கால்

சமதரையில் எழுதப்பட்ட நூல்கள் கூறாத ஒன்றை இங்கு கூறவேண்டும். இறக்கத்தில் உடலின் பாரம் முன்னுக்கு வரும். ஆதலால் முன்காலை இழந்த நாய் கற்படிகளிலும் மண்வரம்புகளிலும் இறங்குவதற்கு அஞ்சும். தலைகுப்புற விழவும் கூடும். பின்காலை இழந்த நாய் இறங்கிவிடும், ஏறுவதற்குத் தவிக்கும். லயத்திற்கும் தோட்டத்திற்கும் இடையே உள்ள வழி எத்தகையது என்பதை முடிவெடுக்குமுன் ஒருமுறை நடந்து பாருங்கள். செங்குத்தான படியிருப்பின் சுற்றுவழி ஒன்றைப் பழக்கலாம்.

காவல் வேலை முற்றாகப் போய்விடாது. நாயின் காவலில் முக்காற்பங்கு அதன் காதும் குரலும் ஆகும். பன்றியைத் துரத்த மட்டும் அதனை விடலாகாது. தேயிலைத் தோட்டங்களை ஒட்டி நடமாடும் சிறுத்தைகள் நாயைப் பிடிப்பது யாவரும் அறிந்ததே. நான்கு கால் நாயே தப்புவது அரிதாயிருக்க, மூன்று கால் நாயை இரவில் வெளியே கட்டி வைத்தல் அதனைச் சிறுத்தைக்குக் கொடுப்பதற்குச் சமமாகும்.

முன்னேற்பாடும் பின்பராமரிப்பும்

முதலில் உங்கள் பிரதேசத்தின் அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பெரிய சத்திரசிகிச்சைக்குப் பேராதனையிலுள்ள மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படலாம். நுவரெலியாவிலிருந்து கம்பளை வழியாக அது ஏறக்குறைய 70 கிலோமீற்றர் மலைப்பாதை. வாகனக் கூலி, எக்ஸ் கதிர்ப்படம், மருந்து, தையல் வெட்ட மீண்டும் செல்லும் பயணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நோவுள்ள நாய் எசமானையும் கடிக்கும். மூச்சுக்கு இடைஞ்சலின்றி வாயைத் துணிப்பட்டியாற் கட்டிக் கொண்டு செல்வது நன்று. யாரையேனும் கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

முடிவெடுக்குமுன் வீட்டார் தமக்குள் பேசவேண்டிய விடயம் ஒன்றுண்டு. கணவனும் மனைவியும் காலையிலேயே கொழுந்தெடுக்கவோ தோட்ட வேலைக்கோ போய்விடும் வீட்டில், முதல் ஒரு வாரம் நாயின் அருகில் இருப்பவர் யார்? பாட்டியோ, வளர்ந்த பிள்ளையோ இருப்பின் நன்று. எவரும் இல்லையெனில் அதற்கும் வழி கண்ட பின்னரே நாளைக் குறிக்க வேண்டும்.

பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளில் எழுந்து நிற்கும். மூன்று காலில் நன்கு பழக ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். முதற் சில நாட்களில் நோவு மிகுதி. வைத்தியர் தந்த மருந்தை நேரந்தவறாது கொடுக்க வேண்டும். வீட்டிலுள்ள பரசிற்றமோல், இபுபுறோபன் முதலிய மனித மாத்திரைகளைத் தாமாகக் கொடுத்தல் நாயைக் கொல்லக்கூடும். வழுக்கும் சீமெந்துத் தரையிற் சாக்கு விரியுங்கள். முதல் நாட்களில் வயிற்றுக்குக் கீழே ஒரு துவாயைக் கொடுத்துத் தாங்கி நடத்துங்கள். தையலை நக்காதிருக்க, அடி நீக்கிய பிளாஸ்ரிக் வாளியைக் கழுத்திற் பூட்டலாம். மயிர் மழிக்கப்பட்ட உடலுக்கு நுவரெலியாவின் தை, மாசி மாதக் குளிர் ஆகாது. பனி உறையும் அவ்விரவுகளில் அடுப்பங்கரை ஓரமே அதற்குத் தக்க இடம்.

காயத்தைச் சுற்றிச் சிறிது கன்றலும் நீர்வீக்கமும் காணப்படுதல் வழக்கமே. காயம் திறந்தாலோ, நாற்றமோ குருதியோ கசிந்தாலோ, இரண்டு நாள் உணவை மறுத்தாலோ வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். 10 முதல் 14 நாட்களில் தையல் வெட்டப்படும். அதன்பின் சோற்றின் அளவைச் சிறிது குறைத்து, விலா என்புகள் கைக்குத் தட்டுப்படும் அளவிலேயே உடலை வைத்திருங்கள். எஞ்சிய பாதங்களின் நகத்தை மாதமொருமுறை வெட்டுங்கள்.