நூற்பட்டியலும் தமிழ்ச் சொற்களும்

நூலகத் துறையினர் ‘ஓபாக்’ என்று சுருக்கமாக வழங்கும் இணையவழி நூற்பட்டியல், நூல்களின் பக்கங்களைப் படிப்பதில்லை. தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, பொருள், பகுப்பெண் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு நூலுக்கும் பட்டியலாளர் எழுதிவைத்த சிறு பதிவை மட்டுமே அது தேடுகிறது. நூலுக்குள் நூறு முறை வரும் சொல்லானாலும் அப்பதிவில் இடம்பெறாவிட்டால் நூல் அகப்படாது.

ஒரே பொருளைப் பேசும் நூல்களை, அவற்றின் பெயர்கள் எவ்வளவு வேறுபட்டாலும், ஒருங்கே திரட்டுவதற்கென நூலகங்கள் வரையறுத்துக்கொண்ட சொற்கள் ‘பொருள் தலைப்புகள்’ எனப்படும். உலகெங்கும் பரவலாகப் பின்பற்றப்படும் இத்தகைய தொகுதியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1898 முதல் வளர்த்துவருகிறது. சமையல் நூல்களுக்கு அது வைத்திருந்த ‘குக்கரி’ என்னும் பழஞ்சொல் 2010இல்தான் ‘குக்கிங்’ என மாறியது என்பதிலிருந்து, வாசகரின் வழக்கும் பட்டியலின் வழக்கும் எவ்வளவு காலம் விலகியிருக்கக்கூடும் என்பது விளங்கும். எனவே, தெரிந்த சொல்லால் பொருத்தமான நூல் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் முழுப் பதிவைத் திறந்து, அங்குள்ள பொருள் தலைப்பைச் சொடுக்கிப் பிற நூல்களை அடைவதே சிறந்த முறை. பகுப்பெண்ணும் அவ்வாறே உதவும். டூயி தசம வகைப்பாட்டில் 894.811 என்பது தமிழ் இலக்கியத்துக்குரிய எண்.

தமிழ் நூல்களைத் தேடும்போது எழும் சிக்கலோ மொழியின் இயல்பிலிருந்தே பிறக்கிறது. எழுத்துத் தொடர்களை ஒப்பிட மட்டுமே அறிந்த மென்பொருளுக்கு இலக்கணம் தெரியாதாகையால், ‘சோழர்’ என்று தேடுபவருக்குச் ‘சோழர்களின்’ என்று தொடங்கும் தலைப்பும், ‘தமிழ் சிறுகதை’ என்று தேடுபவருக்கு வல்லினம் மிகுந்த ‘தமிழ்ச் சிறுகதை’யும் தவறிவிடக்கூடும். ‘சோழ’ என்பதோடு நட்சத்திரக் குறியைச் சேர்த்தால், பல பட்டியல்களில், அப்பகுதியில் தொடங்கும் வடிவங்கள் யாவும் வந்துவிடும். ஆனால் ‘ஆறு’ என்பது ‘ஆற்று’ எனத் திரிவதுபோல அடிச்சொல்லே உருமாறும் இடத்தில் இவ்வுத்தி எளிதில் பயன்படாது; ‘ஆறு’ என்பதோடு அக்குறியைச் சேர்த்தால் ‘ஆற்று’ வராது. சொல்லை மேலும் குறுக்கினாலோ தொடர்பற்ற நூல்களும் குவியும். அங்கே இரு வடிவங்களையும், ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ என்னும் இணைப்புச் சொல்லால் கோத்துத் தேடவேண்டும். ‘கோயில்’, ‘கோவில்’ என இருவகையாக எழுதப்படுவனவற்றுக்கும் இது பொருந்தும். இத்திரிபுகளைத் தானே உணரும் தேடல் வசதியை நூலக மென்பொருள்களில் அமைப்பது, புதிய நூல்களை வாங்குவதற்கு நிகரான பணி.

ஆசிரியர் பெயர்களிலும் இத்தகைய கவனம் தேவை. புதுமைப்பித்தனையும் சொ. விருத்தாசலத்தையும் ஒருவரென இணைத்துக் காட்டும் பெயர்க் கோப்பு எல்லாப் பட்டியல்களிலும் இருப்பதில்லை. அமெரிக்க நூலகப் பதிவுகளில் தமிழ்ப் பெயர்கள் ஒலியைப் பின்பற்றாமல் எழுத்தைப் பின்பற்றி ரோமன் வடிவம் பெறுவதால், ‘ச’ எவ்வாறு ஒலித்தாலும் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தாலேயே குறிக்கப்படுகிறது. எனவே, உ.வே. சாமிநாதையரை அங்கே ‘எஸ்’ எழுத்தில் தொடங்கித் தேடுபவர், ‘சி’ எழுத்திலும் தேடிப் பார்த்தல் வேண்டும்.