முட்டியில் டேப் ஒட்டினால் காயம் ஆறிவிடுமா? கபடி வீரர்களே உஷார்!

ஆவடி:

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கபடி ஆடும் பசங்களுக்கும், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் வாலிபர்களுக்கும் முட்டி பிசகுவது சகஜம். டேப்பை சுற்றிக்கொண்டு மறுநாளே மைதானத்தில் இறங்கினால் வேலைக் கனவே பாழாகிவிடும் ஆபத்து உண்டு.

இரண்டு வகை

முட்டிக்கு ஒட்டும் டேப்பில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, இழுத்தால் நீளாத கெட்டி டேப். முட்டிச் சில்லை லேசாக உள்பக்கம் இழுத்து ஒட்டும் முறையை 1980-களில் ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜென்னி மெக்கனல் கொண்டு வந்தார். மற்றொன்று, ரப்பர் போல நீளும் கலர் டேப். இதை உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காசே. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வீரர்கள் ஒட்டி வந்த பிறகு உலகம் முழுக்க பிரபலமானது.

என்ன செய்யும்?

டேப் வலியை கொஞ்ச நேரம் குறைக்கும். முட்டியை கவனமாக மடக்கச் சொல்லி ஞாபகப்படுத்தும். அந்த நேரத்தில் தொடை தசைக்கு பயிற்சி கொடுத்தால்தான் முட்டி பலம் பெறும். அறுந்துபோன ஜவ்வை எந்த டேப்பும் ஒட்ட வைக்காது.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா, வலது முட்டி காயத்துடன் கட்டு போட்டு ஆடினார். அசைவுக்கு இடைஞ்சலாக இருந்ததால், வெண்கலப் பதக்கப் போட்டியில் கட்டைக் கழற்றிவிட்டு ஆடி, கஜகஸ்தான் வீரரை 8-0 என வீழ்த்தினார். ஆனால் அவரை கவனிக்க டாக்டரும் பிசியோவும் கூடவே இருந்தார்கள். அதைப் பார்த்து நம்ம ஊர் பசங்க துணிச்சல் காட்டக்கூடாது.

எப்போது டாக்டரை பார்க்கணும்?

அடிபட்டபோது 'டப்' என்று சத்தம் கேட்டாலோ, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினாலோ, நடக்கும்போது கால் நழுவினாலோ ஜவ்வு கிழிந்திருக்கலாம். மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலும் தாமதிக்கக் கூடாது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை, ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகியவற்றில் எலும்பு சிகிச்சை பிரிவு உள்ளது. ஜவ்வு ஆபரேஷன் செய்தவர்கள் பொதுவாக 9 மாதமாவது போட்டியில் இறங்கக் கூடாது.

ஒட்டும்போது கவனம்

எண்ணெய், வியர்வை இல்லாமல் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். புண் மேல் ஒட்டக்கூடாது. அரிப்பு, மரத்துப்போதல், கால் நிறம் மாறுதல் இருந்தால் உடனே பிரித்துவிட வேண்டும். முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் கையால் ஒட்டிக்கொண்டு, முறையைக் கற்றுக்கொள்வதே நல்லது.