மாற்று டயர்: வாங்குவோரின் விழிப்பும் சட்டத்தின் இடைவெளியும்

புது தில்லி: பருவமழை நெருங்கும் நாள்களில் தில்லி கரோல் பாகில் உள்ள மோட்டார் சைக்கிள் உதிரி பாகச் சந்தையில் டயர் வியாபாரம் சூடு பிடிக்கிறது. மணாலி வழியாகவோ ஸ்ரீநகர் வழியாகவோ லடாக் செல்லப் புறப்படும் இளைஞர்கள் ஒருபுறம். தேய்ந்த டயருடன் நொய்டாவுக்கும் குருகிராமுக்கும் அன்றாடம் சென்று வரும் ஊழியர்கள் மறுபுறம். இரு தரப்பினரும் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த டயர் நல்லது?"

விலை, பிராண்டு, தோற்றம் ஆகிய மூன்றையும் வைத்தே பெரும்பாலும் இதற்கு விடை காணப்படுகிறது. டயரின் பக்கச் சுவரில் என்ன பொறிக்கப்பட்டிருக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு.

இது சில ஆயிரம் ரூபாய் செலவு பற்றிய பிரச்னை மட்டுமல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். இவர்களில் 74,897 பேர், அதாவது 44.5 சதவீதத்தினர், இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். இந்த மரணங்கள் அனைத்துக்கும் டயரே காரணம் என்று கூற முடியாது. ஆனால், ஓடும் மோட்டார் சைக்கிளைச் சாலையோடு பிணைப்பவை ஏறத்தாழ உள்ளங்கை அளவேயான இரண்டு ரப்பர் பரப்புகள்தான் என்பதை மறந்துவிடலாகாது.

பக்கச் சுவர் சொல்லும் செய்தி

டயரில் உள்ள எண்களும் எழுத்துகளும் வாங்குபவருக்கான தகவல் பலகை எனலாம். எடுத்துக்காட்டாக, "100/90-17 55பி" என்று பொறிக்கப்பட்டிருந்தால், டயரின் அகலம் 100 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 90 சதவீதம்; ரிம்மின் விட்டம் 17 அங்குலம். அடுத்து வரும் 55 என்பது சுமைக் குறியீடு. உரிய காற்றழுத்தத்தில் அந்த டயர் 218 கிலோ வரை தாங்கும் என்பது அதன் பொருள். "பி" என்ற எழுத்து, மணிக்கு 150 கி.மீ. வேகம் வரை அதைப் பயன்படுத்தலாம் என்பதைக் குறிக்கும். "2.75-18" போன்ற பழைய முறைக் குறியீட்டில் அகலமும் அங்குலத்திலேயே தரப்பட்டிருக்கும்.

மாற்று டயரின் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் வாகனத் தயாரிப்பாளர் கையேட்டில் பரிந்துரைத்த அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மனைவி, குழந்தைகளுடன் செல்லும் வாகனத்துக்குச் சுமைக் குறியீடு மிக முக்கியம்.

நான்கு இலக்க எண் ஒன்றும் டயரில் இருக்கும். முதல் இரு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். "2325" என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ரப்பர் காலப்போக்கில் இறுகும். இறுகினால் பிடிமானம் குறையும். எனவே, பட்டன்கள் சிறிதும் தேயாத "புதிய" டயர் கிடங்கில் பல ஆண்டுகள் கிடந்ததாகவும் இருக்கலாம். தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குவதும், ரசீது பெறுவதும் நுகர்வோரின் உரிமை.

இவற்றோடு ஐஎஸ்ஐ முத்திரையையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 2009-ஆம் ஆண்டு தரக் கட்டுப்பாட்டு ஆணை, மோட்டார் வாகன டயர்களுக்கும் டியூப்களுக்கும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் சான்றைக் கட்டாயமாக்கியது. இரு சக்கர, மூன்று சக்கர வாகன டயர்களுக்கான தர நிர்ணயத்தின் எண் ஐஎஸ் 15627.

அகலம் கூடினால் அழகா?

கடைகளில் அடிக்கடி நடப்பது, அதே ரிம்மில் அகலமான டயரைப் பொருத்துவது. பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும் என்பதே காரணம். ஆனால், குறுகிய ரிம்மில் அகலமான டயர் பொருத்தப்படும்போது அதன் வளைவு வடிவம் மாறிவிடுகிறது. வாகனம் வளைவுகளில் இயல்பாகச் சாயாது. எடை கூடி மைலேஜ் குறையும். செயினிலோ மட்கார்டிலோ டயர் உரசவும் கூடும். தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றியமைக்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இங்கு நினைவுகூரத்தக்கது.

டியூப்லெஸ் டயரிலும் இதே கவனம் தேவை. ஆணி குத்தினாலும் காற்று மெல்ல இறங்குவது அதன் பெரும் நன்மை. ஆனால், சாதாரணக் கம்பிச் சக்கர ரிம்மில் கம்பிகள் பொருத்தப்பட்ட துளைகள் வழியே காற்று கசியும். அத்தகைய ரிம்மில் டியூப்லெஸ் டயரைப் போட்டாலும் உள்ளே டியூப் வைத்தே ஆக வேண்டும். அப்போது அந்த நன்மை கிடைக்காது.

லடாக் பயணத்துக்கெனப் பெரிய பட்டன்கள் கொண்ட டயரை வாங்குவோரும் யோசிக்க வேண்டும். கல்லும் மண்ணும் நிறைந்த பாதையில் கைகொடுக்கும் அந்த டயர், ஈரமான தார்ச் சாலையில் அதே பிடிமானத்தைத் தராது. பயணம் பத்து நாள். மற்ற நாள்களில் ஓடுவது நகரச் சாலையில் என்றால், இரு வகைச் சாலைக்கும் பொதுவான டயரே பொருத்தம். மென்மையான ரப்பர் கலவை நன்றாகப் பிடிக்கும், விரைவில் தேயும். கடினமான கலவை நெடுநாள் உழைக்கும், மழையில் சறுக்கும். இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்பதை வாங்குபவரே முடிவு செய்ய வேண்டும்.

எந்த டயராக இருந்தாலும், சுழற்சித் திசையைக் காட்டும் அம்புக்குறிப்படி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மிதமான வேகத்தில் ஓட்டுவதும் அவசியம். புதிய டயரின் மேற்பரப்பு தொடக்கத்தில் வழுக்கும் தன்மை கொண்டது.

வரியும் விலையும்

2017-இல் சரக்கு, சேவை வரி அறிமுகமானபோது இரு சக்கர வாகன டயருக்கு 28 சதவீத வரி விதிக்கப்பட்டது. அன்றாடப் பிழைப்புக்கான வாகனத்தின் பாதுகாப்புப் பொருள் உச்சபட்ச வரி அடுக்கில் எட்டு ஆண்டுகள் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இது 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முந்தைய விலை ரூ.2,000 எனில், முன்பு ரூ.2,560 கொடுத்தவர் இப்போது ரூ.2,360 கொடுக்க வேண்டும். இந்த ரூ.200 குறைப்பு தம்மை வந்து சேர்கிறதா என்பதை ரசீதைப் பார்த்து அறியலாம்.

2020 ஜூனில் புதிய டயர்களின் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, உரிமம் அவசியமாக்கப்பட்டது. உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிப்பது இதன் நோக்கம். வெளிநாட்டு டயர்களையே நம்பியிருந்த அதிதிறன் மோட்டார் சைக்கிள் உரிமையாளர்களுக்கு இதனால் தேர்வு சுருங்கியது.

போட்டி குறையும் சந்தையில் கண்காணிப்பு கூடுதலாக வேண்டும். லாரி, பேருந்துகளுக்கான மாற்று டயர் சந்தையில் 2011-12-இல் நிறுவனங்கள் கூடிப் பேசி விலை நிர்ணயித்தன என்று கூறி, இந்தியப் போட்டி ஆணையம் ஐந்து நிறுவனங்களுக்கு ரூ.1,788 கோடி அபராதம் விதித்தது. 2018-இல் பிறப்பிக்கப்பட்ட அந்த உத்தரவு 2022 பிப்ரவரியில்தான் வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழக்கை மறுபரிசீலனைக்காக ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. அது இரு சக்கர வாகன டயர் பற்றிய வழக்கு அல்ல. எனினும், மாற்று டயர் வாங்குபவரின் பேர வலிமை எவ்வளவு குறைவு என்ற கேள்வியை அது எழுப்பியது.

பாதி அளவுச் சட்டம்

இவற்றையெல்லாம்விட ஆழமான குறை சட்டத்திலேயே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-ஆவது விதிப்படி, காருக்கான டயரில் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இரு சக்கர வாகனத்துக்கோ 0.8 மி.மீ. போதும், சரிபாதி. மோட்டார் சைக்கிள் டயர் வளைந்த வடிவமுடையது என்பதால் காரின் டயரைவிட எளிதாக நீரைக் கிழித்துச் செல்லும் என்பது உண்மையே. ஆனால், ஒரு சக்கரம் வழுக்கினால் மீதி மூன்று சக்கரங்கள் தாங்கிப் பிடிக்கும் வசதி மோட்டார் சைக்கிளுக்கு இல்லை.

2022 ஜூனில் அமைச்சகம் டயர்களின் ஈரச் சாலைப் பிடிமானம், உருளும்போது ஏற்படும் தடை, ஒலி ஆகியவற்றுக்கு வரம்பு நிர்ணயித்து அறிவிக்கை வெளியிட்டது. கார், பேருந்து, லாரி டயர்கள் அதன் வரம்புக்குள் வந்தன. உயிரிழப்போரில் பெரும் பங்கினர் பயணிக்கும் இரு சக்கர வாகனங்களின் டயர்கள் அதில் இடம்பெறவில்லை.

2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், தலைக்கவசம் அணியாதவருக்கு ரூ.1,000 அபராதமும் மூன்று மாத உரிம இடைநீக்கமும் விதிக்க வழிசெய்தது. அதே ஆண்டு ஏப்ரல் முதல், 125 சிசி-க்கு மேற்பட்ட புதிய இரு சக்கர வாகனங்களுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால், ஏபிஎஸ் என்பது சக்கரம் சுழலாமல் நின்றுவிடுவதைத் தடுக்குமே தவிர, டயரில் இல்லாத பிடிமானத்தை உண்டாக்கித் தராது.

தலைக்கவசம் விபத்து நேர்ந்த பிறகு காப்பது. நல்ல டயர் விபத்து நேராமலே காப்பது. ஈரச் சாலையில் எந்த டயர் எத்தனை மீட்டரில் நிற்கும் என்ற தகவல், ரூ.2,000 கொடுத்து டயர் வாங்கும் எளியவருக்கும் கிடைக்க வேண்டும். இரு சக்கர வாகன டயர்களுக்கும் ஈரப் பிடிமான வரம்பை விதிப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதும். அது ஏன் தாமதமாகிறது என்று கேட்பது நாடாளுமன்ற உறுப்பினர்களின் கடமை. அதுவரை, பக்கச் சுவரைப் படித்துப் பார்த்து வாங்குவதுதான் வாகன ஓட்டிக்கு உள்ள ஒரே பாதுகாப்பு.