குடிவழி வரலாறும் குறிப்பேட்டு ஒழுங்கும்

குடிவழி வரலாறு காண முனைவோர்க்குச் சான்றுகள் நம் ஊரிலேயே உள: பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடு, அடக்கத்தலத்து மீசான் கல், வீட்டுப் பெட்டியிலுள்ள கிரயப் பத்திரம், அறபுத்தமிழ்க் கடிதம். இவற்றைத் திரட்டுவதினும் ஒழுங்குறப் பேணுவதே அரிது.

ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, அது யார் வாயிலாக, எந்த ஆவணத்தில், எந்நாளில் கிடைத்தது என்பதை எழுதுக. ஆண்டினை மூலத்தில் உள்ளவாறே முதலில் பெயர்த்தெழுதுக. கணித்துக் கண்ட ஆங்கில ஆண்டினைத் தனியே குறிக்க.

காரணம் உண்டு. பத்திரமொன்றில் 'சித்திரபானு' என்று மட்டும் இருப்பின், அது 1882இல் தொடங்கிய ஆண்டாகலாம். அறுபதாண்டுச் சுழற்சியால் 1942இல் தொடங்கியதும் ஆகலாம். பிழைபடக் கொண்டால் பாட்டனார் பேரனாகிவிடுவார். அருகே ஹிஜ்ரி 1300 என்றிருந்தால் ஐயம் அகலும். அவ்வாண்டு 1882 நவம்பரில் பிறந்தது. ஆயின், ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. ஆதலின் எல்லா ஆண்டுக்கும் ஒரே எண்ணைக் கூட்டி ஆங்கில ஆண்டு காணல் இயலாது.

எனவே ஆய்வாளர் இக்கணக்கையும் அறபுத்தமிழ் எழுத்தையும் தொடர்ந்து கற்றல் வேண்டும். அவ்வெழுத்தைப் படிக்கவல்ல பெரியோர் அருகி வருகின்றனர். அவர்கள் உள்ளபோதே மாணவமணிகள் அருகமர்ந்து கற்பார்களாக.