வெண்பனி வீழ்ந்த வீதியிலே

மார்கழி மாதத்து வைகறையிற் புல்நுனியிலே நின்று, ஞாயிறு எழுந்ததும் மறைந்துவிடும் துளியையே நாம் பனி என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். நுவரெலியாவிலே சில ஆண்டுகளிற் புற்றரையை வெண்மையாக்கும் உறைபனியுங்கூடப் பகல் ஏறுமுன் கரைந்து போய்விடும். ஆகவே, கனடாவிலோ ஐக்கிய அமெரிக்காவின் வட பகுதியிலோ குடியேறி வாழும் நம் உறவினர் ஒருவர், "இரவு காரை வீதியின் மறுபக்கத்துக்கு மாற்ற மறந்துவிட்டேன், விடிந்து பார்த்தாற் காரைக் காணோம்" என்று சொன்னால், கள்வர் கொண்டுபோய்விட்டனர் என்றே நாம் எண்ணுவோம். கொண்டுபோனவர் கள்வரல்லர், மாநகர சபையார்!

வீட்டுக்கு எதிரே ஓரமாக நிறுத்தியிருந்த காரை மாநகர சபை இழுத்துச் செல்வது என்ன நியாயம்? அதனை மீட்பதற்குத் தண்டப்பணமும் இழுத்துச் சென்ற கூலியும் கட்டவேண்டும் என்பது என்ன கொடுமை? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், வெண்பனி பெய்த ஓர் இரவில் அந்நகரங்களின் வீதிகளில் என்ன நிகழ்கின்றது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கார் செய்யும் இடையூறு

மழைநீர் தானே ஓடி வடிந்துவிடும். வெண்பனியோ விழுந்த இடத்திலேயே கிடக்கும். அதனை ஒதுக்குவதற்காகப் பெரிய லொறிகளின் முன்னே வளைந்த இரும்புப் பலகையைப் பூட்டி ஓட்டுகின்றனர். நாம் அதனைப் பனிவாரி என்று அழைப்போம். பனிவாரி வீதியின் நடுவிலுள்ள பனியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே செல்லும். ஓரத்திலே ஒரு கார் நின்றால் அதனைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். அப்பொழுது காரின் முன்னும் பின்னும் பனி குவிந்துவிடுகின்றது. அக்குவியல் பகலிலே சிறிது இளகி, இரவிலே மீண்டும் இறுகிக் கல்லைப் போலாகிவிடும். பின்னர் பனிவாரியாலும் அதனை எளிதிற் பெயர்க்க இயலாது.

உப்பைத் தூவி உருக்கலாமே என்று கேட்கலாம். தூவத்தான் செய்கின்றனர். ஆனால், வீதித் தளத்தின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 9 பாகை செல்சியஸ் வரை இறங்கிவிட்டாற் சாதாரண உப்பின் வேலை மிக மந்தமாகிவிடும். இதற்குள் அடுத்த பனி வரும். வீதி இன்னும் ஒடுங்கும். தை, மாசி மாதங்கள் ஆகும்போது, இரண்டு வண்டிகள் விலகிச் சென்ற வீதியில் ஒரு வண்டி போவதே அரிதாகிவிடும். அந்த ஒரு வண்டி தீயணைக்கும் வண்டியாகவோ, நோயாளியை ஏற்ற வந்த அம்புலன்ஸ் வண்டியாகவோ இருந்தால் என்ன ஆகும்? மாநகர சபைகளின் சட்டங்கள் யாவும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறந்தவை எனலாம்.

இரட்டையும் ஒற்றையும்

மினசோட்டா மாநிலத்திலுள்ள மினியாப்பொலிஸ் நகரை எடுத்துக்கொள்வோம். ஆண்டொன்றுக்குச் சராசரியாக 50 அங்குலத்துக்கு மேல் வெண்பனி பெய்யும் நகரம் அது. பெரும்பனி பெய்தாற் "பனிக்கால அவசரநிலை" என்று மாநகர சபை அறிவிக்கின்றது. அறிவித்தல் மாலை ஆறு மணிக்குள் வெளியாகிவிடும். அதன்பின் மூன்று நாள்களுக்கு நகரத்தார் அனைவரும் ஓர் ஒழுங்குக்கு அமைந்து நடக்கவேண்டும்.

முதல் நாள் இரவு ஒன்பது மணி முதல் மறுநாட் காலை எட்டு மணி வரை, சிவப்புப் பலகைகளாற் குறிக்கப்பட்ட முக்கிய வீதிகளின் இரு பக்கத்திலும் எந்தக் காரும் நிற்றலாகாது. இரண்டாம் நாட் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை, ஏனைய வீதிகளில் இரட்டை இலக்க வீடுகள் உள்ள பக்கத்திலே நிறுத்தலாகாது. பூங்காக்களை ஒட்டிச் செல்லும் சாலைகளில் இரு பக்கமும் விலக்கு. மூன்றாம் நாள் அதே நேரத்தில் ஒற்றை இலக்க வீடுகள் உள்ள பக்கம் விலக்கப்படும். ஒரு வீதியின் ஒரு பக்கத்து வீடுகளுக்கு ஒற்றை எண்களும் எதிர்ப்பக்கத்து வீடுகளுக்கு இரட்டை எண்களும் இடுவது அங்கு வழக்கமாதலால், சிறு பிள்ளைக்கும் இக்கணக்கு விளங்கும். பனிவாரி வந்து ஓரக்கல் வரை முற்றாகத் துப்புரவு செய்து சென்றுவிட்டால், குறித்த நேரம் முடியுமுன்னரே அவ்விடத்திற் காரை நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த ஒழுங்கின் நுட்பத்தைக் கவனியுங்கள். எல்லாக் கார்களையும் ஒரே இரவில் வீதியை விட்டு அகற்று என்று சொன்னால் அவை எங்கே போகும்? ஆதலால், ஒரு பக்கத்தைத் துப்புரவாக்கும்போது மறுபக்கம் கார்களுக்குப் புகலிடமாகின்றது. மறுநாள் துப்புரவான பக்கம் அவற்றை ஏற்றுக்கொள்கின்றது.

எனினும், மிசிசிப்பி ஆற்றைக் கடந்து அயல் நகராகிய சென் போலுக்குச் சென்றால் ஒழுங்கு மாறிவிடும். அங்கே இரவு முறை, பகல் முறை என்ற வேறொரு பிரிவு உண்டு. ஆகவே, ஓர் ஊரிற் பழகியவர் மற்றோர் ஊருக்கு விருந்துக்குப் போனாலும், அவ்வூர்ச் சட்டத்தைக் கேட்டறிந்தே காரை நிறுத்தவேண்டும்.

பனி மிக மிஞ்சிய ஆண்டுகளில் மூன்று நாள் ஒழுங்கும் போதாமற் போவதுண்டு. 2019ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் மினியாப்பொலிஸ் வீதிகள் மிகவும் ஒடுங்கிவிட்டமையால், குடிமனை வீதிகளின் இரட்டை இலக்கப் பக்கத்தில் வாரக்கணக்காக நிறுத்தத் தடை விதிக்கப்பட்டது. தீயணைக்கும் வண்டிகளும் அம்புலன்ஸ் வண்டிகளும் உள்ளே நுழைய வழி வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

சுமை யாருக்கு?

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்; ஆனால் அதன் சுமை எல்லாருக்கும் ஒன்றன்று. சொந்தக் கராஜ் உடையவர் காரை உள்ளே விட்டுவிட்டு நிம்மதியாக உறங்குவார். வாடகை வீட்டிற் குடியிருப்பவர் கடுங்குளிரிற் சவளுங் கையுமாக வெளியே வந்து, பனியிற் புதைந்த காரைத் தோண்டி எடுத்து, இடம் தேடி அலையவேண்டும். இரவு முழுதும் ஆஸ்பத்திரியிலோ ஆலையிலோ வேலை செய்து, காலையில் வந்து கண்ணயர்ந்தவர், எட்டு மணிக்கு எழுந்து காரை மாற்ற மறந்துபோவது இயல்பே. கார் பறிபோனால் அன்றைய வேலையும் பறிபோகும். அதனை மீட்கும் செலவோ ஏழைக் குடும்பத்துக்குப் பெருஞ்சுமை.

புதிதாகக் குடியேறியவர் நிலை இன்னும் கடினம். பனியையே முதன்முறையாகக் காண்பவருக்குப் பனிச்சட்டம் எப்படித் தெரியும்? இதனை உணர்ந்தே மினியாப்பொலிஸ் மாநகர சபை தன் அறிவித்தல்களை ஆங்கிலத்தோடு ஸ்பானிய மொழியிலும், சோமாலி மொழியிலும், ஹமொங் மொழியிலும் வெளியிட்டு வருகின்றது. தொலைபேசியிலும் கேட்டறியலாம். ஒருவனைத் தண்டிக்குமுன் அவனுக்கு விளங்கும் மொழியிலே சட்டத்தைச் சொல்வது அரசின் கடமையன்றோ?

அரசு தவறிய இடங்கள்

இனி, கடமை தவறினால் நேர்வது என்ன என்பதைப் பார்ப்போம். 1969ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நியூ யோர்க் நகரிற் சுமார் 15 அங்குலம் பனி பெய்தது. மன்ஹற்றன் பகுதி விரைவிலே துப்புரவாயிற்று. குவீன்ஸ் பகுதியின் பல வீதிகளோ நாட்கணக்காகத் தீண்டப்படாமற் கிடந்தன. பனிவாரும் இயந்திரங்களிற் கணிசமான பகுதி பழுதுற்றிருந்தமை பின்னரே வெளியாயிற்று. நகரமெங்கும் 42 பேர் மாண்டனர். அவர்களிற் பாதிப் பேர் குவீன்ஸ் வாசிகள். சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவரும் ஐக்கிய நாடுகள் சபையின் உயர் அதிகாரியுமான ரல்ப் பஞ்ச் அவர்களும் அங்கேயே வசித்தார். அவர் மேயர் ஜோன் லின்ட்சேக்குத் தந்தி மூலம் தம் கண்டனத்தைத் தெரிவித்தார். மேயர் நேரிற் சென்றபோது, மக்கள் அவரை ஏசி வரவேற்றனர்.

பத்து ஆண்டுகளின் பின், 1979ஆம் ஆண்டு ஜனவரியில் சிக்காகோ நகரிற் பெரும்பனி பெய்தது. கார்களை வீதியிலிருந்து அகற்றிப் பாடசாலை வளவுகளில் நிறுத்துமாறு மேயர் மைக்கல் பிலண்டிக் மக்களைக் கேட்டுக்கொண்டார். அவ்வளவுகள் துப்புரவாக்கப்பட்டுவிட்டன என்றும் சொல்லப்பட்டது. மக்கள் சென்று பார்த்தபோது அங்கும் பனியே நிறைந்து கிடந்தது! அடுத்த மாதம் நிகழ்ந்த கட்சித் தேர்தலில் ஜேன் பேர்ன் அம்மையார் அவரைத் தோற்கடித்து, பின்னர் அந்நகரின் முதற் பெண் மேயரானார். "அகற்று" என்று கட்டளையிடும் அரசு, "இங்கே நிறுத்து" என்று காட்டும் இடத்தையும் உண்மையாகவே ஆயத்தஞ் செய்திருக்க வேண்டும் என்பதே சிக்காகோ தந்த பாடம். இப்பொழுது அந்நகரில் டிசம்பர் 1ஆந் திகதி முதல் ஏப்ரல் 1ஆந் திகதி வரை, பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும், சில முக்கிய வீதிகளில் அதிகாலை மூன்று மணி முதல் ஏழு மணி வரை கார் நிறுத்துவது விலக்கப்பட்டுள்ளது. நாள்தோறும் ஒரே விதி என்பதால், அறிவித்தல் தெரியவில்லை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

காரை எடுக்காதே!

நிறுத்துவதைத் தடுக்கும் சட்டம் ஒருபுறமிருக்க, ஓட்டுவதையே தடுக்கும் சட்டமும் உண்டு. காற்றோடு பனி வீசும்போது சாரதிக்கு எதிரே ஒரு முழத் தூரமும் புலப்படாது. நடுவீதியில் ஒரு கார் சிக்கினால், பின்வருவன யாவும் சிக்கிக்கொள்ளும். மீட்க வரும் வண்டிக்கும் வழி அடைபட்டுவிடும்.

2022ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகையை ஒட்டி நியூ யோர்க் மாநிலத்தின் பவலோ நகரை ஒரு பனிச்சூறாவளி தாக்கியது. டிசம்பர் 23ஆந் திகதி காலை ஒன்பதரை மணி முதல் எவரும் வாகனம் ஓட்டக் கூடாது என்ற தடை நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்நேரத்திற் பலர் வேலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டனர். வீதிகளிற் கார்கள் புதைந்தன. தீயணைக்கும் வண்டிகளும் பனியிற் சிக்கின. உதவி கோரியவர்களிடம் உதவி சென்றடைய முடியவில்லை. 40க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிலர் தம் கார்களுக்குள்ளேயே மாண்டனர். தடையை முந்திய இரவே பிறப்பித்திருந்தால் என்ற ஏக்கம் அந்நகரத்தார் நெஞ்சில் நெடுநாள் நின்றது. ஒரு சட்டம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அது வேளையோடு வரவும் வேண்டும்.

உறவினர் வாழும் ஊர்களில்

ஈழத்துத் தமிழர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரிலே, பனி 25 சென்ரிமீற்றர் அளவை எட்டும் வேளையில், பெரும்பனி நிலைமை பிரகடனப்படுத்தப்படுவதுண்டு. அப்பொழுது பனிவழிகள் என்று குறிக்கப்பட்ட வீதிகளில் முதல் 72 மணி நேரத்துக்குக் கார் நிறுத்தத் தடை. மொன்றியலிலோ தோம்பிள் எழுதி வைத்தாற்போல் வீதி வீதியாக முறை வைத்துப் பனியை லொறிகளில் ஏற்றி அப்புறப்படுத்துகின்றனர். அதற்கு முன் காரிழுக்கும் வண்டி ஊதுகுழலை ஒலித்துக்கொண்டு வரும். ஒலி கேட்டும் அகற்றாத காரை இழுத்துச் சென்று அயலிலுள்ள வேறொரு தெருவில் விட்டுவிடுவர்.

பொஸ்டன் நகரில் ஒரு விநோத வழக்கம் உண்டு. பாடுபட்டுத் தோண்டித் துப்புரவாக்கிய இடத்தை மற்றவர் பிடித்துக்கொள்ளாதபடி, வேலைக்குப் போகுமுன் அவ்விடத்தில் ஒரு பழைய நாற்காலியை வைத்துவிட்டுச் செல்வர். உழைத்தவனுக்கு உரிமை உண்டு என்பது அவர்தம் நியாயம். மாநகர சபையும் இதற்கு ஓரளவு இணங்கி, அவசரநிலை முடிந்து 48 மணி நேரம் வரை அந்நாற்காலியைப் பொறுத்துக்கொள்கின்றது. அதன்பின் நாற்காலி குப்பை வண்டியிற் போய்விடும். இடம் மீண்டும் பொதுவாகிவிடும்.

அந்நாற்காலியிலே ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கின்றது. வீதி நம் வீட்டு வாசலிற் கிடந்தாலும் நம்முடையதன்று. அயல்வீட்டு நோயாளிக்கும், எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கும், பெயரறியாத வழிப்போக்கனுக்கும் உரியது. நள்ளிரவிற் குளிரோடு போராடித் தன் காரை மறுபக்கத்துக்கு மாற்றுகின்றவன், தான் ஒருபோதும் காணப்போகாத ஓர் அம்புலன்ஸ் வண்டிக்கு வழிவிடுகின்றான். அடுத்த முறை கடல் கடந்து வாழும் மகனோ மருமகளோ தொலைபேசியிற் பேசும்போது, "சாப்பிட்டாயா, குளிர் எப்படி?" என்று கேட்கும் பெற்றோர், "காரை மாற்றி நிறுத்தினாயா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைப்பார்களாக!