ஆச்சியின் நாழியில் ஜெர்மனிப் பலகாரம்

தலைப்பைக் கண்டு அன்பர்கள் நகைக்க வேண்டா. நான் சமையற்கலை கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் பார்சல்களின் எடையையும் கட்டணத்தையும் பேரேட்டில் பதிந்து காலந்தள்ளும் ஓர் எழுத்தன். ஆயினும் சென்ற ஆகஸ்டு மாதம் விழிஞ்ஞத்தில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் நடந்த ஒரு சோதனையை, அயலூர்களிலும் அயல்நாடுகளிலும் குடியேறி வாழும் நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிந்துகொள்வது பயன் தரும் என்று தோன்றியதால் எழுதத் துணிந்தேன்.

என் தங்கை ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் வாழ்கிறாள். பள்ளி விடுமுறைக்குத் தன் ஏழு வயது மகனை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். என் தாயார் அவனைக் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு வயது இரண்டு. பையனுக்குத் தமிழ் கேட்டால் ஓரளவு விளங்கும். பேச நா எழாது. தாயாருக்கோ நாகர்கோவில் தமிழும், இங்கு வந்து பழகிய மலையாளமும் அன்றி வேறு பாஷை தெரியாது. மொழியால் முடியாததைக் கைச்சமையலால் முடித்துவிடலாம் என்று அவர் நம்பியிருந்தார். வந்த அன்று காலையில் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் தயாராயின. பையன் தட்டைப் பார்த்தான், ஒரு நூலை விரலால் தூக்கினான், தட்டைத் தள்ளிவிட்டான்.

“ஒரே ஒரு வாய் தின்னு பாரு மக்களே” என்று ஆச்சி கெஞ்சியதும் பலிக்கவில்லை. மூன்று நாட்கள் வாழைப்பழமும் பிஸ்கோத்துமாகக் கழிந்தன. மூன்றாம் நாள் இரவு அம்மா என்னிடம், “எங்கையால ஒண்ணும் வேண்டாங்கான்டா அவன்” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். எனக்கும் அன்று உறக்கம் பிடிக்கவில்லை.

அங்கே அவன் விரும்பி உண்பது யாது என்று தங்கையைக் கேட்டேன். “ஷ்பெட்ஸ்லே” என்றாள். கோதுமை மாவும் முட்டையும் உப்பும் நீரும் சேர்த்துக் குழைத்து, கொதிக்கும் நீரில் பிழிந்தெடுக்கும் ஒருவகைச் சிறு கொழுக்கட்டை அது. தென்மேற்கு ஜெர்மனியில் ஷ்வாபியா என்னும் பகுதிக்கே உரிய உணவு. அப்பகுதியின் பெயரோடு வழங்கும் உரிமையை ஐரோப்பியக் கூட்டமைப்பு 2012ஆம் ஆண்டில் அதற்கு அளித்துக் காத்துவருகிறது. ‘ஷ்பாட்ஸ்’ என்றால் சிட்டுக்குருவி. ‘ஷ்பெட்ஸ்லே’ என்றால் குட்டிக் குருவி என்று பெயருக்குப் பொருள் சொல்வர். உருண்டையாக விழுந்தால் ‘கினெப்ஃப்லே’, அதாவது சிறு பொத்தான். இதைப் பாலாடைக் கட்டியோடும் பொரித்த வெங்காயத்தோடும் அடுக்கி உண்பதும் உண்டு. அவித்த பருப்போடு உண்பதும் உண்டு. பருப்பு என்றதும் அம்மாவின் முகம் சற்றே தெளிந்தது. “பருப்பு திங்கிற ஜனந்தானே!” என்றார்.

இதற்கென்றே அந்நாட்டார் சில கருவிகள் வைத்திருக்கின்றனர். பழைய முறை, சிறு பலகையின்மேல் மாவைப் பரப்பி, தகடு ஒன்றால் கீற்றுக் கீற்றாக வழித்துக் கொதிநீரில் தள்ளுவது. அதற்குக் கைப்பழக்கம் மிகவும் வேண்டும். அடுத்தது, இரு நீண்ட கைப்பிடிகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பிழியும் அச்சு. மூன்றாவது, துளையிட்ட தகட்டின்மேல் மாவு நிறைத்த சிறு பெட்டியை முன்னும் பின்னும் இழுக்கும் கருவி. தங்கை தன் கைப்பேசியில் இதன் படத்தைக் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். சாத்தூரில் எண்ணெய்ச் சட்டியின்மேல் துளைக்கரண்டியை வைத்து, உள்ளங்கையால் மாவைத் தேய்த்துத் தேய்த்துக் காராச்சேவு இறக்குகிறார்களே, அதற்குப் பெட்டி கட்டினால் இக்கருவிதான்! எண்ணெய்க்குப் பதில் தண்ணீர், அவ்வளவே வேற்றுமை.

நிற்க. எங்களிடம் இருந்ததோ அம்மாவின் பித்தளை நாழி. திருகு வைத்தது. திருமணச் சீராக வந்து, நாகர்கோவிலிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது. இவ்வூரார் இதைச் சேவநாழி என்பர். “இதுல பிழிஞ்சா ஆவாதா?” என்றார் அம்மா. ஆகும் என்றேன். ஆனால் ஆகவில்லை.

முதற்பிழை பழக்கத்தால் நேர்ந்தது. இடியாப்பத்துக்கு அரிசி மாவில் கொதிநீர் ஊற்றுவது கைகண்ட வழக்கமாதலால், அம்மா கோதுமை மாவிலும் முட்டையிலும் அவ்வாறே கொதிநீரை ஊற்றிவிட்டார். முட்டை வெந்து திரிதிரியாயிற்று. அரிசியில் மாவை இழுத்துப் பிடிக்கும் பசை இல்லை. கொதிநீர் பட்டு அதிலுள்ள மாச்சத்து வெந்து குழைந்தால்தான் நூல் அறாமல் வரும். கோதுமைக்கு அந்தத் தேவை இல்லை. குளிர்ந்த நீர் பட்டு, அடிக்க அடிக்க, அதிலுள்ள புரதமே இழையாகக் கோத்துக்கொள்ளும். ஒரே நாழியில் இடும் இரண்டு மாவுகளுக்கு இடையே இத்துணை வேற்றுமை உண்டென்பதை அன்றுதான் அறிந்தோம்.

இரண்டாம் முறை மாவு சரியாக அமைந்தது, தட்டுத்தான் தவறு. இடியாப்பத் தட்டின் துளைகள் ஊசிமுனை போன்றவை. திருகைத் திருப்பத் திருப்ப, மாவு கீழே இறங்க மனமின்றிப் பக்கவாட்டில் ஏறி, அம்மாவின் மணிக்கட்டு வரை வழிந்தது. பையன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் வாய்விட்டுச் சிரித்தான். வந்த நாளாக அவன் சிரித்ததை அப்போதுதான் கண்டோம்.

தங்கையும் அங்கே இதற்கு நேர்மாறாகத் துன்பப்பட்டவள்தான். குடிபோன புதிதில் இடியாப்ப ஆசை மிகுந்து, ஜெர்மானிய அச்சிலே அரிசி மாவை இட்டு நெருக்கினாளாம். துளை பெரிதாதலால் சுண்டுவிரல் பருமனில் கயிறு கயிறாக இறங்கிற்றாம். 1983க்குப் பின் அந்நாட்டில் பெருமளவில் குடியேறிய ஈழத் தமிழர் குடும்பம் ஒன்றின் வீட்டில் இடியாப்ப உரல் இரவல் வாங்கிய பிறகே அவள் ஆசை தீர்ந்ததாம்.

எங்கள் தட்டுகளில் பெரிய துளையுள்ளது எந்தக் காலத்திலோ தொலைந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் கேட்டோம். மழைக்காலம் விழிஞ்ஞம் மீன்பிடி துறைமுகத்திற்கு வேலை மிகுந்த காலம். அவர் வீட்டில் அடுப்பு ஓயாத நேரம். இருந்தும் பரணில் ஏறித் தேடி, காராச்சேவுத் தட்டு ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தார். எங்கள் நாழிக்குள் ஓர் இழை கூடப் பிசகாமல் அது பொருந்திற்று.

மூன்றாம் முறை செய்த அளவைச் சொல்லுகிறேன். எடை குறிப்பது என் தொழிலாதலால் இதில் பிழை இராது. மைதா 250 கிராம், முட்டை மூன்று, உப்பு அரைத் தேக்கரண்டி, குளிர்ந்த நீர் ஏறக்குறைய 100 மில்லி. நீரை ஒரேயடியாக ஊற்றலாகாது. மரக்கரண்டியால், குமிழிகள் தோன்றும் வரை அடிக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் மாவு பொத்தென்று விழவும் கூடாது, மோர் போல் ஓடவும் கூடாது. தயங்கித் தயங்கி இறங்க வேண்டும். பின் அரைமணி நேரம் மூடி வைத்தல் நலம். அகன்ற பாத்திரத்தில் உப்பிட்ட நீர் தளதளவென்று கொதிக்கும்போது நாழியை மேலே பிடித்துத் திருக வேண்டும். நாழியைப் பாதிக்குமேல் நிரப்ப வேண்டா. நீராவி கையைச் சுடும்; துணி சுற்றிக்கொள்க. நூல் நான்கு விரல் நீளம் இறங்கியதும் நனைத்த கத்தியால் தட்டின் அடியில் ஓர் இழுப்பு. மூழ்கிய துண்டுகள் சிறிது நேரத்தில் மேலே மிதந்து வரும். மிதந்தவுடன் ஜல்லிக்கரண்டியால் அள்ளிவிட வேண்டும், தாமதித்தால் கூழாகும். நாழியை உடனே குளிர்ந்த நீரில் அலம்புக. வெந்நீர் ஊற்றினால் மாவு துளைகளிலேயே வெந்து அடைத்துக்கொள்ளும். அதைக் குத்தி எடுக்கத் துடைப்பக்குச்சியோடு நான் பட்ட பாட்டை இங்கே விரிக்கவில்லை.

வெண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி, சின்ன வெங்காயம் பொன்னிறமாக வறுத்துத் தூவி, பருப்புக் குழம்பைப் பக்கத்தில் ஊற்றி ஆச்சி வைத்தார். பையன் முதலில் மோந்து பார்த்தான். பிறகு ஒன்றைத் தின்றான். பிறகு தலை நிமிராமல் தின்றான். அது ஊரில் உண்பது போல இருந்ததா என்று தங்கை கேட்டதற்கு அவன் ஜெர்மன் மொழியில் ஏதோ கூறினான். “கொஞ்சம் கோணலா இருக்காம், ஆனா நல்லா இருக்காம்” என்று அவள் மொழிபெயர்த்தாள். அம்மா அன்று உண்ணாமலே எழுந்து போய் அடுத்த ஈடு பிழியத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் திருகின் கைப்பிடி அவன் கைக்குப் போயிற்று. ஆச்சி நாழியைப் பிடிக்க, இவன் திருகுவான். “மெல்ல மக்களே, மெல்ல” என்பதே அவன் முதலில் திருப்பிச் சொன்ன தமிழ். நாழியைத் தொடும்போதெல்லாம் அதையே தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தட்டு மாறியிருப்பதைக் கவனியாமல் அவன் திருக, இட்லித் தட்டின்மேல் இடியாப்பம் இறங்கிற்று. தான் பிழிந்ததாயிற்றே; சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் போட்டு இரண்டு தின்றான்.

புறப்படும் நாள் வந்தபோது நாழியை அவர்களோடு அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். வீட்டுத் தராசில் நிறுத்தும் பார்த்தேன். பெட்டியில் அதற்கு இடமும் இருந்தது. அம்மா ஒப்பவில்லை. “அது இங்கேயே கிடக்கட்டும். அடுத்த வருசம் அவன் வந்தா எதுல பிழிவான்?” என்று கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டார். சேச்சியின் தட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சென்ற வாரம் நாகர்கோவில் சென்றிருந்தபோது வடசேரியில் அதே அளவுத் தட்டு ஒன்று வாங்கி வந்து நாழிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.