ஒரு கிலோவுக்குள் ஓராண்டு, ஒரு கிராம் கூடினால் பத்தாண்டு

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பும் மின்ரயில் எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர் என்று நின்று நின்று வந்து கொருக்குப்பேட்டையைத் தொடுகிறது. விசாகப்பட்டினத்து மலைப்பகுதிகளில் விளையும் கஞ்சா சென்னைக்குள் நுழையும் வழிகளில் இந்த ரயில் பாதையும் ஒன்று. கொல்கத்தா நெடுஞ்சாலை இன்னொன்று. 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை 'கஞ்சா வேட்டை'யைத் தொடங்கியதிலிருந்து இந்த இரண்டு வழிகளிலும் சோதனை கூடியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருவொற்றியூர் ரயில் நிலையத்தில் இரண்டு இளைஞர்கள் பிடிபடுகிறார்கள். இருவரும் கூலிக்குச் சரக்கு தூக்கி வந்தவர்கள், ஒரே ஆளுக்காக வந்தவர்கள். ஒருவன் பையில் 950 கிராம், மற்றவன் பையில் 1,050 கிராம். முதலாமவனுக்கு அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாமவனுக்குப் பத்தாண்டு வரை சிறை, கூடவே ஒரு லட்சம் வரை அபராதம். அவன் வழக்கு மாஜிஸ்திரேட்டிடம் நிற்காமல் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போய்விடும். இருவருக்கும் இடையே இருந்தது நூறு கிராம்தான்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. ஹெராயின், அபின், சரஸ் போன்றவற்றுக்கு அப்போது குறைந்தபட்சமே பத்தாண்டு. கொஞ்சமாக, தன் சொந்தப் பயன்பாட்டுக்காகத்தான் வைத்திருந்தேன் என்று நிரூபித்தவர் மட்டுமே தப்பலாம். சில கிராம் விற்றவரும் பெரும் கடத்தல்காரரும் ஒரே தண்டனைக்கு ஆளானார்கள். இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் 2001-ல் திருத்தம் வந்தது. சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு என்று மூன்று படிகள் வகுக்கப்பட்டன. ஹெராயினில் 5 கிராம் வரை சிறிது, 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. மெத்தம்பெட்டமினுக்கு 2 கிராம், 50 கிராம். கஞ்சாவுக்கு ஒரு கிலோ, 20 கிலோ. வணிக அளவு என்றால் பத்து முதல் இருபது ஆண்டுவரை சிறை.

இந்தத் திருத்தம் எல்லோருக்கும் தண்டனையைக் குறைத்தது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சாவுக்கு நடந்தது நேர்மாறு. 1985 சட்டத்தில் கஞ்சாவுக்கு அதிகபட்சமே ஐந்தாண்டுதான், குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது. 2001-க்குப் பிறகு ஒரு கிலோவைத் தாண்டினால் உச்சவரம்பு பத்தாண்டாக ஏறியது. 20 கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் கீழே இறங்கவே நீதிபதிக்கு வழியில்லை. சிறிய அளவுக்கு ஆறு மாதமாக இருந்த உச்சவரம்பும் 2014-ல் ஓராண்டாயிற்று. வடசென்னையின் தெருக்களிலும் புழல் சிறையின் மனு வரிசையிலும் நிற்கும் குடும்பங்களைப் பொறுத்தவரை, இந்தச் 'சீர்திருத்தம்' பாரத்தைக் கூட்டியிருக்கிறது.

எடையே தலைவிதி என்றானபின், தராசைப் பிடிக்கும் கைக்கு அளவில்லாத அதிகாரம் வந்துவிடுகிறது. சட்டத்தின்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிதான். நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. தண்டும் சருகும் சேர்த்துக் கட்டிய பொட்டலத்தில் எது எவ்வளவு என்று பிரித்து நிறுத்தார்களா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் கேட்டாக வேண்டும். கைப்பற்றிய பொருளின் பட்டியலையும் மாதிரியையும் மாஜிஸ்திரேட் முன்னிலையில் சரிபார்க்க வேண்டும் என்று 52ஏ பிரிவு சொல்கிறது. 2016-ல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. கலப்படத்தைக் கழித்து, உள்ளிருக்கும் போதைப்பொருளை மட்டும் எடைபோட வேண்டும் என்று 2008-ல் வந்த தீர்ப்பு 2020-ல் ஹீரா சிங் வழக்கில் ரத்தானது. இப்போது பொடியில் கலந்த மாவும் சேர்ந்தே எடை.

எடை கேட்காத கேள்விகள்தான் என்னை உறுத்துகின்றன. சரக்கு யாருடையது? லாபம் யாருக்கு? தூக்கி வந்தவனுக்கு வயது என்ன, கூலி என்ன, அவனே பழக்கத்துக்கு அடிமையா? குறைந்தபட்சத்துக்கு மேல் தண்டனையைக் கூட்டுவதற்கான காரணங்களை 32பி பிரிவு பட்டியலிடுகிறது. குறைப்பதற்கான காரணங்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. ஒரு கிலோவுக்கும் 20 கிலோவுக்கும் இடையே ஒரு நாள் முதல் பத்தாண்டு வரை எதையும் கொடுக்கலாம், அதற்கு வழிகாட்டி கிடையாது. தண்டனைக்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கான மலிமத் குழு 2003-லேயே பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் 2012 முதல் நீதிபதிகள் எடையோடு சேர்த்து, குற்றவாளி தலைமை வகித்தவரா, முக்கியப் பங்காளியா, ஏவப்பட்ட சிற்றாளா என்றும் பார்த்துத்தான் தண்டனை விதிக்கிறார்கள். நமக்கு உடனடியாகத் தேவை இதுதான் என்பேன்.

எடையை மட்டும் நம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்கு நம்மவர் ஒருவரின் கதையே இருக்கிறது. 2023 ஏப்ரலில் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்ட தமிழர் மீதான வழக்கு 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது. அங்கே 500 கிராமைத் தாண்டினாலே மரண தண்டனை வரம்பு.

காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் அம்மாக்கள் கடும் தண்டனை கேட்கிறார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் உள்ளே போகிறவர்களில் பலர் அந்த அம்மாக்களின் பிள்ளைகளே. வணிக அளவு வழக்குகளில் 37-வது பிரிவு ஜாமீனைக் கிட்டத்தட்ட அடைத்துவிடுகிறது. குற்றமற்றவர் என நம்ப நியாயமான காரணம் இருப்பதாக, விசாரணைக்கு முன்பே நீதிமன்றம் கருதியாக வேண்டும். டெல்லியில் 23 வயதில் கஞ்சா வழக்கில் கைதான ஒருவர் ஏழு ஆண்டுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே கிடந்தார். வழக்கு இழுத்தடிக்கப்பட்டால் 37-வது பிரிவு ஜாமீனுக்குத் தடையாகாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லி அவரை வெளியே விட்டது. தமிழகத்தில் இதோடு 1982-ன் குண்டர் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. அதில் 'போதைப்பொருள் குற்றவாளி' என்று ஒரு வகை உண்டு, விசாரணையே இன்றி ஓராண்டு வரை அடைக்கலாம்.

அபராதமும் ஏழைக்கு இன்னொரு சிறை. லட்சம் ரூபாய் கட்ட முடியாதவர் மேலும் உள்ளேயே இருக்க வேண்டும். 2007-ல் சாந்திலால் வழக்கில், ஒரு லட்சம் கட்டத் தவறியதற்காக விதித்த மூன்றாண்டை உச்ச நீதிமன்றம் ஆறு மாதமாகக் குறைத்தது.

சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று மத்திய சமூகநீதி அமைச்சகம் 2021-ல் பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. சட்டம் இன்னும் மாறவில்லை. போர்ச்சுகல் 2001-லேயே அதைச் செய்துவிட்டது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டு கதவுகள் சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. போதைக்கு அடிமையான ஒருவர் சிறிய அளவு வழக்கில் சிக்கி, அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் 64ஏ பிரிவின்படி வழக்கிலிருந்தே விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம். தீர்ப்பு வந்தபின்னும் 39-வது பிரிவின்படி, சிறைக்குப் பதில் அவரது சம்மதத்தோடு நீதிபதி சிகிச்சைக்கு அனுப்பலாம். ராயபுரத்துக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் மனநலக் காப்பகம் இருக்கிறது. கைதான பையனின் வீட்டார் வழக்கறிஞரிடம் ஜாமீன் எப்போது என்று கேட்கும்போதே இந்த இரண்டு பிரிவுகளைப் பற்றியும் கேட்க வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இலவசமாகக் கேட்கலாம்.